பழைய மெட்டடோரில் நான்கு பேர், நாற்பது வளைவு

2 மார்ச். ஒரு வாசகர் கேட்டது:

முப்பது வருடப் பழைய வேன் ஒன்று விலைக்கு வருகிறது. உள்ளே படுக்கை, அடுப்பு எல்லாம் போட்டு நண்பர்களோடு ஊர் சுற்ற ஆசை. வீட்டில் சொல்வது வேறு. "அந்தக் காசுக்கு வாடகை வண்டியில் பத்துத் தடவை போய் வரலாம். ஓட்டை வண்டியில் மலை ஏறினால் பாதி நாள் ரோட்டோரம்தான் கிடக்கணும்" என்கிறார்கள். எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. பழைய வண்டியில் போனவர்கள் யாராவது உள்ளதைச் சொல்லுங்கள்.

2 மார்ச், இரவு 10.40

நாங்கள் போனோம், போன மாதம்தான். மதுரையில் கிளம்பி பழனி, பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறை. நான்கு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஆறு நாளில் வண்டி ஏழு முறை நின்றது. இன்னொரு முறை போகலாமா என்று கேட்டால் நாளைக்கே கிளம்புவேன். வாங்குங்கள்.

விவரமாக எழுத உட்கார்ந்தால் விடிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

3 மார்ச்

வண்டி 1994 மாடல் மெட்டடோர். பஜாஜ் டெம்போ 1969-ல் இறக்கிய வேன் இது. ஒரு காலத்தில் பெண்ணழைப்பு, பால் கேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மலைக்குப் போகிற சாமிமார்கள் எல்லாம் இதில்தான் போனார்கள். எங்களுடையது கேட்டரிங் வண்டியாக ஓடியது. வாங்கி மூன்று மாதம் ஆகியும் மழை பெய்தால் உள்ளே சாம்பார் வாசம் வரும்.

எஞ்சின் 2.4 லிட்டர் டீசல், மெர்சிடிஸ் வடிவமைப்பு, ஓ.எம். 616. அந்த எஞ்சினைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன். ஏழு முறை நின்றதில் ஒருமுறைகூட எஞ்சின் காரணம் இல்லை. அதைச் சுற்றியிருந்த ரப்பர், வயர், நாங்கள் செய்த அவசர வேலை, இவைதான் காரணம்.

யாரும் முன்கூட்டி எங்களுக்குச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்த வண்டியை முன்சக்கரம்தான் இழுக்கும். மேடு ஏறும்போது பாரம் எல்லாம் பின்னால் சாயும், முன்சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும். நாங்கள் பின் கதவோரம் 200 லிட்டர் தண்ணீர் டிரம் ஒன்றை நிறுத்தி வைத்திருந்தோம். 200 லிட்டர் என்றால் 200 கிலோ. பழனி தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில், ஈரமாக இருந்த சின்ன ஏற்றத்தில், முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. அங்கேயே டிரம்மைக் காலி செய்தோம். முப்பது லிட்டர் கேன் இரண்டு வாங்கி டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் கட்டினோம். பின்சக்கரம் இழுக்கிற வேனுக்கு இந்தக் கணக்கு மாறும். நீங்கள் பார்க்கிற வேன் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீரைக் கூரைமேல் மட்டும் ஏற்றாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்கிற சாய்வு வயிற்றைக் கலக்கும்.

4 மார்ச்

சூடு.

ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி ஏழாவது வளைவில் முள் சிவப்புக்குப் போனது. நிறுத்தினோம். இருபது நிமிடத்தில் இறங்கியது. கிளம்பினோம். ஒன்பதாவது வளைவில் காட்சிமுனை இருக்கிறது. கீழே ஆழியாறு அணை ஒரு தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரி தெரியும். அங்கேயும் நின்றோம். எதிர்ப் பாறையில் வரையாடு ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. வாடகைக் காரில் போயிருந்தால் போட்டோ எடுத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பியிருப்போம். முள் இறங்கக் காத்திருந்ததால் முக்கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு குட்டிகள் பின்னால் வந்தன. தாய் முதலில் ஒரு காலை வைத்துப் பாறையைச் சோதித்துவிட்டுத்தான் இறங்கியது, குட்டிகள் அதே இடத்தில் காலை வைத்தன.

அப்புறம் பதினைந்து, இருபத்திரண்டு, அட்டகட்டி. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை அறுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். காலை ஒன்பதுக்குக் கிளம்பி இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம்.

சூடான ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். குக்கர் வெயிட்டை விசிலோடு பிடுங்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும், ஆனால் முகத்துக்கு நேராக. மூடி இறுக்கமாக இருப்பதே அழுத்தம் வேண்டும் என்பதற்குத்தான். வால்பாறை சுமார் 3,500 அடி. அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி தாங்குகிற ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி ஏறும். அதனால் மூடியின் ரப்பர் வாஷர் போய்விட்டாலே மலையில் வண்டி பொங்கும். அறுபது ரூபாய் வாஷரைப் பார்க்காமல் ரேடியேட்டரையே கழற்றிப்போட்டவர்களை எனக்குத் தெரியும்.

பொள்ளாச்சியில் ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டால் சூடு வராது என்றார்கள். கழற்றிவிட்டோம். கொஞ்சம் பரவாயில்லை போலத்தான் இருந்தது.

5 மார்ச்

மேலே கடைசி இரண்டு வரியைத் திருத்துகிறேன். டீசல் வேலை பார்க்கிற ஒருவர் படித்துவிட்டுச் சொன்னார்: அந்த எஞ்சினில் தெர்மோஸ்டாட் வால்வு சூடு ஏறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும், அதே நேரத்தில் குறுக்கு வழியை அடைக்கும். வால்வையே எடுத்துவிட்டால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும்; தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். "சூட்டைக் குறைக்க நீங்கள் செய்தது சூட்டைக் கூட்டும் வேலை."

சரிதான். பரவாயில்லை போல இருந்தது சமதரையில் ஓட்டிப் பார்த்ததால். மலையில் மோசமாகத்தான் ஆனது. யாராவது வால்வைக் கழற்றச் சொன்னால் கழற்றாதீர்கள். புதிது போடுங்கள்.

5 மார்ச், இரவு

பெயர் கேட்டவர்களுக்கு: பெயரெல்லாம் வேண்டாம். ஓட்டுகிறவன் கணக்கு வாத்தியார், வேலையும் அதுதான், நாங்கள் கூப்பிடுவதும் அப்படித்தான். இன்னொருவன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். மூன்றாமவன் அச்சகம். நான் மின்வாரிய ஒப்பந்த வேலை, அதனால் வண்டிக்குள் வயரிங் என் பொறுப்பு.

8 மார்ச்

சூட்டுக்கான உண்மையான காரணத்தை இன்னும் சொல்லவில்லை. இதைத் தனியாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

வால்பாறையில் எஸ்டேட் லாரி, ஜீப் பார்க்கிற ஒரு பட்டறை. பெரியவர், எழுபது வயது இருக்கும், காதில் பென்சில். நாங்கள் போனதும் ரேடியேட்டர் துப்புரவு, மூடி, ஃபேன் பெல்ட், வால்வு என்று செய்ததையெல்லாம் ஒப்பித்தோம். அவர் பாதியிலேயே கையைக் காட்டினார். "வண்டி எப்பப் பொங்குது? நிக்கும்போதா, ஏறும்போதா?"

"ஏறும்போதுதாங்கய்யா. செகண்டுல, ரைஸ் பண்ணி ஏறும்போது."

"நின்னா?"

"நின்னா இறங்கிடுது."

ஒரு சாக்கை விரித்துக் கீழே படுத்தார். என்னையும் பக்கத்தில் படுக்கச் சொன்னார். வாத்தியாரை ஏறி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். ரேடியேட்டரின் அடிப்பக்கத்திலிருந்து எஞ்சினுக்குப் போகிற ஹோஸை டார்ச் அடித்துக் காட்டினார். சும்மா ஓடும்போது அது உருண்டையாக, நல்ல பிள்ளையாக இருந்தது. எஞ்சின் சத்தம் ஏற ஏற நடுவில் ஒரு குழி விழுந்தது. இன்னும் மிதித்ததும் ஸ்ட்ராவை உறிஞ்சிப் பிடித்தமாதிரி சப்பையாகி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டது. காலை எடுத்ததும் "ப்ளுக்" என்று பழையபடி உருண்டையானது. மேலும் இரண்டு, மூன்று தடவை செய்து காட்டினார். நான் அந்த ஹோஸைக் குறைந்தது பத்துத் தடவை கையால் அமுக்கிப் பார்த்திருக்கிறேன். பத்துத் தடவையும் எஞ்சின் நின்றிருந்தது.

கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சுகிற பக்கம். அதற்குள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்க வேண்டும், சப்பையாகாமல் இருக்க. எங்களுடையதில் கம்பி துருப்பிடித்துக் கரைந்தே போயிருந்தது. கழற்றியதும் உள்ளேயிருந்து காப்பித்தூள் மாதிரி கொட்டியது. ஏற்றத்தில் வேகமாக மிதிக்கிற நேரம்தான் தண்ணீர் அதிகம் ஓட வேண்டும், அந்த நேரத்தில் பார்த்து வழி அடைத்துக்கொள்கிறது. நின்று பார்த்தால் ஒன்றுமே இல்லை.

அவர் ஒரு பழைய லாரி ஹோஸிலிருந்து கம்பிச் சுருளை உருவி, அளவுக்கு வெட்டி, முனையைக் கை கிழிக்காதபடி வளைத்து, புது ஹோஸுக்குள் திருகி ஏற்றினார். க்ளாம்பை முறுக்கும்போது கடைசிச் சுற்றில் கையை நிறுத்திவிட்டு, "இதுக்கு மேல முறுக்குனா ரப்பர் வெட்டும்" என்றார். கூலி நானூறு கேட்டார். நாங்கள் ஐந்நூறு கொடுத்தோம், நூறைத் திருப்பிக் கையில் வைத்தார்.

அதற்குப் பிறகு சூடு என்ற பேச்சே இல்லை.

9 மார்ச்

"சரி, சூடு போயிற்று, மீதி ஆறு எதற்கு?" என்று கேட்கிறார்கள். அப்படி இல்லை. ஏறும்போது சூட்டுக்காக நின்றதையெல்லாம் சேர்த்து ஒன்று என்றுதான் கணக்கு வைத்தேன். மீதி:

பெட்ரோல் பங்கில் சக்கரம் சுழன்றது. பேட்டரி டெர்மினல் பூத்துப்போய் செல்ஃப் எடுக்காதது இரண்டு முறை, அது வென்னீர் ஊற்றி, கழுவி, வாசலின் தடவியதும் தீர்ந்தது. டீசல் லைனில் காற்று ஏறியது. ஒரு பஞ்சர். கடைசியாகப் பிரேக்.

பிரேக் விஷயம் சுருக்கமாக: இறங்கும்போது பதினொன்றாவது வளைவுக்கு மேல் பெடல் தரைவரை போய்விட்டது. பிரேக் ஆயில் ரொம்பப் பழசு. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரிவரை கொதிக்காது, ஈரம் ஏறியது 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் காலியாகப் போகும். யாருக்கும் அடி இல்லை. ஆயிலை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

15 மார்ச்

சமையல் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

ஐந்து கிலோ சிலிண்டர் ஒன்று, ஒற்றை அடுப்பு. அடுப்பை வண்டிக்குள் ஏற்றவே இல்லை. பக்கக் கதவைத் திறந்து படியில் பலகை போட்டு வெளியே வைத்துத்தான் சமைத்தோம். சமையல் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாது, தரையில் போய்ப் படுத்துக்கொள்ளும். தரையில்தானே நாமும் படுக்கிறோம். ஜன்னல் திறந்திருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், தரைமட்டத்தில் காற்று போக ஓட்டை வேண்டும். நான் தரைப் பலகையில் இரண்டு இடத்தில் வலை வைத்து ஓட்டை போட்டிருக்கிறேன்.

புலிகள் காப்பகத்துக்குள் ரோட்டோரம் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, வைக்கவும் இல்லை. வால்பாறையில் ஒரு தங்குமிடத்துக்காரர் காம்பவுண்டுக்குள் வண்டியை நிறுத்த இடம் கொடுத்தார், ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய், கழிப்பறை சேர்த்து. பகலில் சுற்றுவது, ராத்திரி அங்கே வந்து படுப்பது.

மேலே சோறு வேகச் சற்று நேரம் கூடுதலாகும், குறைந்த சூட்டில் கொதிப்பதால். முதல் நாள் அரை வேக்காட்டில் வடித்துவிட்டோம். மருந்துக்கடைக்காரன் வீட்டிலிருந்து கொடுத்துவிட்ட புளிக்காய்ச்சல்தான் காப்பாற்றியது. அவன் மனைவி பாட்டில் மூடியில் தேதி ஒட்டி, "ஈரக் கரண்டி போடாதே" என்றும் எழுதியிருந்தார். ஆறு நாளும் அந்தச் சீட்டை மதித்தோம். வெறும் சோறு, புளிக்காய்ச்சல், சுட்ட அப்பளம், வெளியே தேயிலைமேல் பனி இறங்கிக்கொண்டிருக்கும். இதை எழுதும்போதே நாக்கு ஊறுகிறது.

15 மார்ச், சற்று நேரம் கழித்து

எங்கள் மாதிரிப் பழைய டீசல் வண்டியில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது என்பது அச்சகத்தானுக்கு அன்றுவரை தெரியாது. பழைய டீசலில் எண்ணெயை அடைக்க ஒரு வயர் இருக்கும், அதை இழுத்தால்தான் நிற்கும். பழனி போகும் வழியில் ஒரு டீக்கடையில் அந்த வயர் அறுந்துபோனது. சாவி அவன் சட்டைப்பையில், வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. டீக்கடை அம்மா, "என்னப்பா, சாவியக் கையில வச்சுக்கிட்டு ஆட்டம் காட்டுறீங்க" என்று கேட்டார். வாத்தியார் ஏறி, டாப் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளச்சை விட்டான். ஒரு குலுக்கு, அடங்கிவிட்டது. இது நின்ற கணக்கில் வராது, நிற்காத கணக்கு.

17 மார்ச்

கொல்லிமலை கேட்டவருக்கு: எழுபது வளைவு. முதல் பயணத்துக்கு அது வேண்டாம். திம்பம் இருபத்தேழுதான், ஆனால் சத்தியமங்கலம் காட்டுக்குள் இரவுப் போக்குவரத்துத் தடை இருக்கிறது. நடுவழியில் நின்றுபோகக்கூடிய வண்டியோடு அந்த நேரத்தை ஒட்டிப் போகாதீர்கள்.

21 மார்ச்

டீசல் லைனில் காற்று ஏறின கதை.

நான்காம் நாள், சோலையாறு பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது மாலை ஆறேகால். டீசலைக் கடைசிவரை ஓட்டிவிட்டோம். மேட்டில் டேங்குக்குள் டீசல் பின்னால் ஒதுங்கியதும் குழாய் காற்றை உறிஞ்சிவிட்டது. எஞ்சின் இரண்டு முறை திக்கி நின்றது. கேனில் ஐந்து லிட்டர் இருந்தது, ஊற்றினோம். ஊற்றினால் மட்டும் ஓடாது, ஏர் எடுக்க வேண்டும்.

ஸ்பேனரை எடுக்கும்போதுதான் பார்த்தோம், சற்றுத் தள்ளி ஒரு கம்பத்தில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. வால்பாறைக்காரர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்: பக்கத்தில் யானை நிற்கிறது. யானை நடமாட்டத்தைக் கவனிக்கிறவர்கள் போனிலேயே அந்த விளக்கை எரியவைப்பார்கள். அங்கே எஸ்டேட் வேலை முடிந்து இருட்டில் நடந்து வருகிறவர்கள் எதிர்பாராமல் யானைமுன் போய் நின்றுதான் உயிர் போயிருக்கிறது, அதைத் தடுக்க வந்த ஏற்பாடு. குறுஞ்செய்தியும் வரும். நாங்கள் வெளியூர், எங்களுக்கு எது வரும்.

எதிரில் ஒரு பஸ் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "அண்ணே, இறங்காதீங்க. கதவச் சாத்திட்டு உள்ள உக்காருங்க, ஹாரன் அடிக்காதீங்க. தாயும் குட்டியுமா நிக்குது" என்றார். நால்வரையும் பஸ்ஸில் ஏறிக்கொள்ளச் சொன்னார். ஏறியிருக்க வேண்டும். வண்டியை விட மனசில்லாமல் உள்ளே உட்கார்ந்தோம். அது தப்பு. உங்களுக்கு அப்படி நேர்ந்தால் வண்டியை விட்டுவிட்டு ஏறிவிடுங்கள்.

ஐம்பது நிமிடம். விளக்கைப் போடவில்லை, பேசவில்லை. தேயிலைச் சரிவில் இருட்டுக்குள் இன்னும் கருப்பாக ஒன்று நகர்ந்தது. காய்ந்த குச்சி முறிகிற சத்தம், அப்புறம் ஒரு நீண்ட பெருமூச்சு. மாட்டுத் தொழுவத்தில் ராத்திரி கேட்குமே, அது மாதிரி, ஆனால் பெரிது. மருந்துக்கடைக்காரன் என் முழங்கையைப் பிடித்தவன் விடவே இல்லை. அந்த ஐம்பது நிமிடத்தைப் பற்றி நாங்கள் நான்கு பேரும் இன்னும் சத்தமாகப் பேசிக்கொள்வதில்லை.

சிவப்பு விளக்கு அணைந்து, அந்தப் பக்கமாக ஒரு ஜீப் வந்து "போயிருச்சு" என்று சொன்ன பிறகுதான் இறங்கினோம். பம்பின் காற்றுத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, கைப்பம்பை அழுத்த அழுத்த, முதலில் நுரை, பிறகு கொர்கொர் என்று குமிழி, பிறகு டார்ச் வெளிச்சத்தில் குமிழியே இல்லாமல் டீசல். அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகை மூட வேண்டும். ஏழு நிமிட வேலை. கால் டேங்குக்குக் கீழே மலையில் ஓட்டாதீர்கள்.

2 ஏப்ரல்

9 மார்ச் அன்று பிரேக் பற்றி எழுதியதை இன்று எடுத்துப் படித்தேன். அதில் பொய் இல்லை. ஆனால் நடந்தது அதில் இல்லை. பழைய ஆயில்மேல் போட்டுவிட்டேன், அது சுலபமாக இருந்தது.

ஆறாம் நாள் மத்தியானம் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பும்போது நாலரை. மருந்துக்கடைக்காரனுக்கு மறுநாள் காலை கடை திறக்க வேண்டும், மருந்து ஆய்வாளர் வருகிறார். நியாயமான அவசரம். இருபதாவது வளைவு பக்கம் பிரேக் லைனர் கருகுகிற வாடை வந்தது; இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. வாத்தியார் சொன்னான், "அரை மணி நேரம் நிறுத்துறேன்டா, பிரேக் டிரம் ஆறட்டும்."

அச்சகத்தான், "இன்னும் இருபது வளைவுதானே மாப்ள" என்றான். மருந்துக்கடைக்காரன் கடிகாரத்தைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னேன்: "மெதுவாப் போயிருவோம், கீழ போய் நிறுத்திக்கலாம்."

அதை நான்தான் சொன்னேன். வாத்தியார் ஒரு நிமிடம் யோசித்தான். நாங்கள் மூன்று பேர், அவன் ஒருவன். ஓட்டினான்.

ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். இரண்டாம் கியரில் ஏறின இடத்தில் மூன்றாம் கியரில் இறங்கிக்கொண்டிருந்தோம், நேரத்துக்காக. எஞ்சின் பிடித்திருக்க வேண்டிய பாரத்தை எல்லாம் பிரேக் பிடித்தது.

பதினொன்றாவது வளைவுப் பலகை தெரிகிற தூரத்தில் பெடல் போனது. வாத்தியார் சத்தம் போடவில்லை. "பிரேக் இல்லடா" என்று சாதாரணமாகத்தான் சொன்னான், வகுப்பில் கணக்குத் தப்பு என்று சொல்கிற குரலில். இரண்டு தடவை மிதித்து மிதித்து விட்டான். இரண்டாம் கியர், எஞ்சின் அலறியது, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தான், ஒன்றாம் கியர். வண்டியை மலைப்பக்கம் ஒதுக்கி ஓடையில் ஒரு பக்கச் சக்கரத்தை இறக்கினான். பக்கவாட்டுத் தகடு பாறையில் இழுபட்டுக்கொண்டே போய் நின்றது. எதிரே மேலேறி வந்த காய்கறி லாரிக்கும் எங்களுக்கும் இருபதடி இருக்கும். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும், இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும் என்பது சட்டம். அன்று ஒதுங்க வாத்தியாருக்கு இடம் கிடைத்தது. எதிர்ப்பக்கம் கைப்பிடிச் சுவர் இடுப்பளவு, அதற்கப்பால் மரத்தின் தலைகள்.

நின்ற பிறகு வாத்தியார் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. நான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன். உள்ளங்கையில் ஸ்டீயரிங் உறையின் பின்னல் அப்படியே பதிந்திருந்தது.

அதனால் ஆயிலை மாற்றுங்கள் என்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் நான்கு பேரும் உட்கார்ந்து ஒன்றைப் பேசி முடிவு செய்யுங்கள்: நிறுத்துகிறேன் என்று ஓட்டுகிறவர் சொன்னால் அதற்குமேல் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஓட்டெடுப்பு கிடையாது. எங்கே சாப்பிடுவது, எங்கே தூங்குவது, அதற்கெல்லாம் ஓட்டெடுங்கள்.

3 ஏப்ரல்

நேற்று எழுதியதை மருந்துக்கடைக்காரன் படித்திருக்கிறான். காலையில் கூப்பிட்டான். "நானும் ஒண்ணு சொல்லணும். நீ பேசினதாலதான் நான் பேசல. நான் சொல்ல நினைச்சதை நீ சொல்லிட்ட" என்றான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனில் சும்மா இருந்தோம்.

அந்த மருந்து ஆய்வாளர் மறுநாள் வரவே இல்லையாம்.

19 ஏப்ரல்

காகித விஷயம், ஒரே பத்தியில். சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு பதினைந்து வருடம். அதற்குப் பிறகு எஃப்.சி. பார்த்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். விற்கிறவர் "பேப்பர் எல்லாம் கரெக்ட்" என்பார், ஆர்.சி.யில் தேதியை நீங்களே பாருங்கள். சீட்டைக் கழற்றிப் படுக்கை போடுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் வருகிற மாற்றம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விபத்து நடக்கிற அன்று இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் கேட்பார். எங்களுக்கு இதற்கே இரண்டு மாதம் ஆனது. அலைச்சல்தான், ஆனால் செய்யுங்கள்.

4 மே

கேள்வி கேட்டவர் ஞாயிற்றுக்கிழமை வேனைப் பார்க்கப் போகிறாராம். சந்தோஷம்.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். "ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கேன் வாங்க" என்று சொன்னால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆறின எஞ்சின் எப்படி எடுக்கிறது என்பதுதான் ஹீட்டர் பிளக், பேட்டரி, கம்ப்ரஷன் மூன்றையும் சொல்லும். வண்டியின் அடிச்சட்டம் (சேஸிஸ்) துருப்பிடித்திருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், விற்கிறவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பிரேக் பெடலை அமுக்கி ஒரு நிமிடம் பிடியுங்கள், இறங்கிக்கொண்டே போகக் கூடாது.

அப்புறம் நண்பர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். உங்களோடு மலைக்கு வரப்போகிறவராக இருந்தால் நல்லது. அவரை ஏறி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, ஒரு சாக்கை விரித்துக் கீழே படுத்து, டார்ச் அடித்துக் கீழ் ஹோஸைப் பாருங்கள்.

எங்கள் வண்டி இப்போது டிங்கரிங்கில் இருக்கிறது, பாறையில் இழுபட்ட பக்கம். நான்கு சக்கரத்துக்கும் லைனர் புதிது, பிரேக் ஆயில் புதிது. ஜூன் பிறந்தால் வால்பாறைப் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும், அதனால் செப்டம்பர் முடியட்டும் என்று வாத்தியார் சொல்கிறான். அவன் சொன்னால் சரி.

4 மே, இரவு

புளிக்காய்ச்சல் செய்முறை கேட்டிருந்தீர்களே. மருந்துக்கடைக்காரன் வீட்டில் கேட்டு வாங்கிவிட்டேன், நாளை எழுதுகிறேன். வெந்தயத்தை வறுத்துத் தனியாகப் பொடிக்க வேண்டுமாம், எண்ணெயோடு சேர்த்துக் கருகவிடக் கூடாதாம்.